அவள் சொன்னபடியே

கட்டுப்போடும் அறையைத் தாண்டி நாலைந்து எட்டு வைத்த பிறகுதான், உள்ளே பார்த்த முகம் யாருடையது என்று சித்ராதேவிக்கு உறைத்தது. திரும்பி வந்து வாசலில் நின்றார். நதியாதான். ஆபரேஷன் தியேட்டரின் பச்சை உடுப்பு இல்லை. வெள்ளைச் சட்டையில், ஓவர்லாக் தையல் மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டு வந்திருந்த ஓர் ஒடிசாப் பெண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி நகத்துக்குள்ளேயே முறிந்துவிட்டதாம், எடுத்தாயிற்று. திருப்பூரில் காய்ச்சல், சளிக்கு அடுத்தபடி மருத்துவமனைக்கு வருகிற சங்கதி இதுதான். நதியா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் என்னவோ சொல்லி அந்தப் பெண்ணைச் சிரிக்கவைத்தபடியே துணியைச் சுற்றினாள். நிமிர்ந்து சித்ராதேவியைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நதியா, இங்க எப்ப வந்தீங்க?"

"போன வியாழக்கெழமைல இருந்து மேடம்."

"நீங்களா கேட்டு வந்தீங்களா?"

"நான் எதுக்கு மேடம் கேக்கப்போறேன்?" என்றாள். பிறகு வாசலைப் பார்த்து, "அடுத்த ஆளு வாங்க" என்று குரல் கொடுத்தாள். சித்ராதேவி நகர்ந்து வழிவிட வேண்டியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம்தான் சித்ராதேவி சர்ஜன் தரணீதரனைப் பற்றி அவரோடு வேலை செய்கிறவர்கள் சொன்னதைத் தொகுத்த ரிப்போர்ட்டை அவரிடமே கொடுத்திருந்தார். வியாழக்கிழமை நதியா கீழே இறங்கிவிட்டாள். இதில் யோசிக்க வேறு ஒன்றுமில்லை. லிஃப்ட் பக்கம் வேகமாக நடந்தார். முப்பது வருடத்தில் ஒருவர் தன்னிடம் சொன்னதை இன்னொருவர் காதுக்குப் போகவிட்டதில்லை என்று மேடைபோட்டுச் சொல்லாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

சித்ராதேவி மனநல மருத்துவர். இருபத்திரண்டு வருடம் அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கிளினிக் வைத்திருந்தார். உள்ளூர்க்காரர்கள் யாரும் அந்த வாசலில் வண்டியை நிறுத்தமாட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி முன்னால் நிறுத்திவிட்டு, கையில் வர்க்கிப் பொட்டலத்தோடு சும்மா நடக்கிறவர்கள்போல வந்து சேர்வார்கள். வசதி கொஞ்சம் கூடியவர்கள் கோயமுத்தூர் டாக்டரிடம் போய்விடுவார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் இவரிடம் வருவார்கள். நடுவில் பஸ்காரன்தான் பிழைத்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அதன்பிறகு இந்த மருத்துவமனையில் ஆறு வருடம் மெடிக்கல் டைரக்டர். நாற்பது டாக்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. டாக்டர்களைப்போல முரண்டு பிடிக்கிற நோயாளி உலகத்திலேயே கிடையாது என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். படிக்கிற காலத்திலிருந்து அவர்களை யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதையும். பதவி முடிந்ததும், ஐம்பத்தாறு வயதில், ஆன்லைனில் ஒன்றரை வருடம் படித்து எக்ஸிகியூட்டிவ் கோச் ஆனார். பெரிய பொறுப்பில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் நடந்துகொள்கிற விதத்தை அவர்களே பார்க்கும்படி செய்கிற வேலை. என்னவோ புதிதாகத் தோன்றினாலும் பழையபடி காது கொடுப்பதுதான். ஆனால் கிளினிக் சந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன எக்ஸ்போர்ட் முதலாளிகள் இப்போது கார் கதவைத் திறந்துவிட்டார்கள். "நம்ம மருமகனுக்கும் கொஞ்சம் கோச்சிங் குடுத்துப்போடுங்க மேடம்" என்று பலகாரத் தட்டை நீட்டினார்கள். அதே வியாதி, வேறு போர்டு. சித்ராதேவிக்கு இதில் வருத்தமில்லை. கொஞ்சம் குஷி என்றே சொல்லலாம்.

மருத்துவமனையின் சேர்மன் ராஜா முகமதுவும் அப்படித்தான் அவரை அழைத்திருந்தார். பனியன் வியாபாரத்தில் பேர் வாங்கிய மனிதர். "நம்ம தரணி டாக்டர் கை தங்கமுங்க. வாயத் தொறந்தாத்தான் தாங்கமுடியறதில்லீங்க. வருசத்துக்குள்ள ரெண்டு நர்ஸுப் புள்ளைங்க அழுதுட்டே வேலைய உட்டுப் போயிருச்சுங்க. அவரையும் உடமுடியாது, இப்படியே உட்டு வெக்கவும் முடியாதுங்க" என்றார். சித்ராதேவி ஒப்புக்கொண்டார். தரணீதரனோடு வேலை செய்கிற பதினொரு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார். யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே வராது என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தார். பலரும் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல ஜாக்கிரதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். ஒன்பதாவது ஆளாக நதியா வந்தாள்.

நதியாவின் அப்பா கமுதிப் பக்கத்திலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்தவர். அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு நாலு வருடம் ஒரு கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றாள். தைத்து வருகிற துணிகளில் குறை தேடுகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நர்ஸிங் டிப்ளமோ படித்தாள். தியேட்டரில் சர்ஜனுக்கு எதிரே நின்று கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுக்கிற இடத்துக்கு வந்து மூன்று வருடம். அந்த இடத்தைப் பற்றிப் பேசியபோது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

"செக்கிங்ல ஒரு பீஸ்ல தப்பு இருந்துச்சுன்னா, அந்த எடத்துல செகப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம் மேடம். சரிபண்ணி வந்ததும் உரிச்சிருவோம். இந்த டாக்டரு ஒட்டுன ஸ்டிக்கர உரிக்கவே மாட்டாரு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருநாளு கத்தரி மாறிப்போச்சு. எல்லாரும் நிக்கையில, செக்கிங் பண்ணவளுக்கு இதுதான் வரும்னு சொன்னாரு. இன்னும் எம்மேல ஒட்டித்தான் இருக்கு" என்றாள்.

சித்ராதேவிக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. மருத்துவக் கல்லூரியில் அவருடைய பேராசிரியர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நோயாளி சொன்னதை நோயாளியின் வார்த்தையிலேயே எழுது என்பது. நீ அழகுபடுத்தாதே, சுருக்காதே, மேற்கோள் குறி போட்டு அப்படியே எழுது என்பார். அந்தப் பழக்கம் அவர் கையோடு ஊறிவிட்டது. நல்ல வாக்கியம் ஒன்று காதில் விழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். ரிப்போர்ட் எழுதும்போது பெயர்களை எடுத்தார், தேதிகளை எடுத்தார், கத்தரியை எடுத்தார், இரண்டு வருடத்தை எடுத்தார். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைத்தார். 'ஒட்டுன ஸ்டிக்கர உரிக்கவே மாட்டாரு.' வீட்டுக்கு ஒருவர் செக்கிங்கில் நின்ற ஊரில் இதை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்தான். தியேட்டருக்குள் ஒருத்திதான் சொல்ல முடியும்.

இரண்டாம் மாடியில் தரணீதரன் உற்சாகமாக இருந்தார். நாற்பத்திரண்டு வயது. காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருந்த குடும்பம். உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுந்து ஏசியைக் குறைத்தார்.

"ஒரு வாரமா சத்தமே போடலீங்க மேடம். நீங்க வேணும்னா யாரைக் கேட்டாலும் சரி."

"நதியாவ எதுக்குக் கீழ அனுப்பினீங்க?"

"அதுங்களா, ரொட்டேஷனுங்க. நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் போட்டது."

சித்ராதேவி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் அவருடைய தொழிலின் பெரிய ஆயுதம். சாதாரணமாக எதிரில் இருப்பவர் அரை நிமிடம் தாங்குவார். தரணீதரன் அதைவிடச் சற்று அதிகமாகவே தாங்கினார். மேஜைமேல் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார், விரித்தார்.

"அந்த ஸ்டிக்கர் வார்த்தையப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க. தியேட்டர்ல வேற யாரு செக்கிங் டேபிள்ல நின்னவங்க? அவள வேலைக்கு எடுத்ததே நாந்தானுங்க. செக்கிங்ல இருந்த புள்ள, கண்ணு கூர்மையா இருக்கும், வயித்துக்குள்ள ஒரு பஞ்சு கூட விட்டுப்போகாதுன்னு சொல்லி எடுத்தனுங்க."

"கோவமா?"

"கோவமில்லீங்க." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அவ எதைச் சொல்றான்னு எனக்குத் தெரியுமுங்க மேடம். ஒரு நாளு கத்தரி மாறிப்போச்சு. அவ தப்பில்லீங்க. நாந்தான் மாத்திக் கேட்டேன். கேஸு முடிஞ்சு கை கழுவறப்பவே தெரிஞ்சுதுங்க. அப்பறம் போய்ச் சொல்லவா முடியும்? சொல்லாமயே உட்டுட்டேன். இப்ப அதைப் படிச்சப்பறம் அவ எதுக்க நிக்கறப்ப, மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டுந்தானுங்க தெரியும், அதைப் பாத்துட்டு என்னால கை வெக்க முடியாதுன்னு தோணிப்போச்சு. அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு மாத்தச் சொன்னனுங்க."

சித்ராதேவி இப்படியொரு பதிலை எதிர்பார்க்கவில்லை. பழிவாங்கியிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். இந்த மனிதர் வெட்கப்பட்டிருக்கிறார். தன் வெட்கம் கண்ணில் படாமல் இருக்க ஒரு பெண்ணை இரண்டு மாடி கீழே இறக்கியிருக்கிறார்.

"இதுல என் தப்புதான் முதல்ல, டாக்டர். வெளிய வராதுன்னு சொல்லித்தான் அவகிட்டப் பேச வாங்கினேன்."

"விடுங்க மேடம். இப்பவே சூப்பரின்டென்டென்டக் கூப்பிட்டு மறுபடி மேல வரச் சொல்லிடறனுங்க" என்று தரணீதரன் போனை எடுத்தார்.

"வேண்டாம்" என்றார் சித்ராதேவி. சட்டென்று வந்துவிட்டது. "கேக்காமத்தான் அனுப்பினீங்க. கேக்காமயே கூப்பிடவும் வேண்டாம்."

மதியம் இரண்டு மணிக்கு நதியா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்வரை அவர் கட்டுப்போடும் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டீல் ஸ்டூல். டைரக்டராக இருந்தபோது இந்த அறைக்கு வெள்ளையடிக்கக் கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது. இப்படி உட்கார்ந்து காத்திருந்ததில்லை. நதியா வந்து அவரைப் பார்த்துவிட்டு, கதவை முழுக்கச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்தாள்.

"நீங்க சொன்ன ஒரு வரிய நான் அப்படியே எழுதிட்டேன் நதியா. அதனாலதான் அவருக்குத் தெரிஞ்சுது. வேற யாரு மேலயும் தப்பில்ல."

நதியா அலமாரிப் பக்கம் திரும்பினாள். பஞ்சு டப்பாவை எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நல்லாருந்துச்சுன்னு எழுதுனீங்களா மேடம்?"

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனாலேயே சித்ராதேவிக்கு வலித்தது. எத்தனையோ பேர் அவர் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், வைதிருக்கிறார்கள். அவரை இவ்வளவு சரியாக யாரும் கண்டுபிடித்ததில்லை.

"ஆமா" என்றார். "நல்லாருந்துச்சுன்னுதான்."

"நான் யார்ட்டயும் அப்படிப் பேசுனதில்ல மேடம். நீங்க தலையாட்டிக் கேட்டுட்டே இருந்தீங்க, வந்திருச்சு." டப்பாவைக் கீழே வைத்தாள். "சோமனூர்ல ஒரு ஆஸ்பத்திரில கூப்புடுறாங்க. சின்ன ஆஸ்பத்திரி. தியேட்டரெல்லாம் பேருக்குத்தான். சனிக்கெழமைக்குள்ள சொல்லணும்."

"போறீங்களா?"

"இங்க கட்டுப்போடவா படிச்சேன்?"

"அவர் உங்கள மேல கூப்பிடத் தயாரா இருக்கார். நாந்தான் உங்களக் கேக்காம வேண்டாம்னு சொன்னேன்."

நதியா முதல்முறையாக நேராகப் பார்த்தாள். அவள் கண்களில் தண்ணீர் இருந்தது. குரலில் இல்லை.

"எனக்குத் தியேட்டர் வேணும் மேடம். பொய் சொல்லமாட்டேன், அது இல்லாம எனக்குக் கையே ஓடமாட்டேங்குது. ஆனா ஆர்டர்ல வந்தா திரும்ப ஒருநாளு ஆர்டர்ல எறங்கணும். அவரு எங்கிட்டக் கேக்கட்டும். அன்னைக்கி எல்லாரும் நிக்கையிலதான சொன்னாரு. அதே எடத்துல, எல்லாரும் நிக்கையில, கத்தரிய மாத்திக் கேட்டது நான்தான்னு சொல்லட்டும்."

சித்ராதேவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது உங்களுக்குத் தெரியுமா?"

"கையில குடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். சித்ராதேவி எழுந்தார்.

"இத அவர்கிட்டச் சொல்லலாமா?"

"சொல்லுங்க. இந்தத் தடவ நான் சொன்னபடியே சொல்லுங்க."

சொன்னபடியே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தரணீதரன் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "யோசிக்கறனுங்க மேடம்" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச்சுக் கொடுக்கச் சித்ராதேவிக்கு மனம் வரவில்லை. இப்படியான நேரத்தில் கேட்பதற்கென்று கோச்சிங் படிப்பில் அருமையான கேள்விகள் நாற்பது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றையும் கேட்காமல் எழுந்து வந்தார்.

ராஜா முகமதுவிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் டீயை உறிஞ்சாமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். அடுத்த மாதத்திலிருந்து எட்டு டிபார்ட்மென்ட் தலைவர்களுக்கும் சித்ராதேவிதான் கோச் என்று நிர்வாக போர்டில் முடிவாகியிருந்தது. கடிதம் மட்டும்தான் பாக்கி.

"தியேட்டர் ஆளுங்ககிட்ட நானே சொல்லிடறேன். வாக்குக் குடுத்தேன், காப்பாத்தலைன்னு" என்றார் சித்ராதேவி.

"ஏனுங்க மேடம், நீங்களாச் சொல்லலீன்னா யாருக்குந் தெரியாதுங்களே? சொல்லிப்போட்டா, அப்பறம் எட்டு டிபார்ட்மென்ட்லயும் எவனுங்க வாயத் தொறப்பான்?"

"நதியா கீழ எறங்கினத எல்லாரும் பாத்தாச்சுங்க. வாய் ஏற்கனவே மூடித்தான் இருக்கு."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "உங்க பேருதானுங்க கெடும்."

"ஆமாங்க."

"அந்தக் கடுதாசிய அப்பறமாப் பாத்துக்கலாமுங்க" என்றார் ராஜா முகமது, மிகவும் மரியாதையாக. சித்ராதேவியும் அவ்வளவு மரியாதையாகவே கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். இரண்டு வருடமாகக் கட்டியெழுப்பியது அந்த ஒரு மரியாதையில் ஆட்டம் கண்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், தியேட்டருக்கு வெளியே துணி மாற்றுகிற அறையில், பத்துப் பேர் முன்னால் நின்று சொன்னார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மன்னிப்பும் கேட்டார். எல்லாரும் அவரவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மயக்க மருந்து டெக்னீஷியன் அந்தோணிராஜ், "டீ குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார். சித்ராதேவி வாங்கிக் குடித்தார். சர்க்கரை அதிகம். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

தரணீதரன் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பேசுவதற்காகக் கொடுத்திருந்த அறையிலிருந்து தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்த சித்ராதேவி வராந்தாவில் நதியாவைப் பார்த்தார். அவள் கைப்பையோடு நின்றிருந்தாள்.

"தியேட்டருக்கு வரச்சொல்லி போன் வந்திருக்கு மேடம். ஒரு கேஸு மட்டும்னாங்க. மேல ஒரு ஆளு லீவாம். டாக்டரே கூப்பிடச் சொன்னாராம்." உதட்டைக் கடித்தாள். "கேக்கத்தான் கூப்புடுறாரா, கத்தரி எடுத்துக் குடுக்க ஆள் இல்லாமக் கூப்புடுறாரான்னு தெரியல."

"எனக்கும் தெரியல நதியா."

"சோமனூருக்குப் பதினோரு மணிக்குள்ள போன் பண்ணணும்."

"பிடிக்கலைன்னா, மேல போக வேண்டியதில்ல."

நதியா யோசித்தாள். பிறகு லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போனாள். இரண்டாவது வளைவில் அவள் நடை வேகமாகிவிட்டதைக் கீழேயிருந்து சித்ராதேவி பார்த்தார்.

அவரும் பின்னாலேயே போனார். போயிருக்கக் கூடாது என்று தெரிந்தேதான் போனார். செருப்பை மாற்றி, தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, தியேட்டர் கதவில் இருந்த வட்டக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே மேஜையில் நோயாளி மயக்கத்தில் இருந்தார். அந்தோணிராஜ் மானிட்டர் பக்கம் குனிந்திருந்தார். நதியா பச்சை உடுப்பில், கையுறையோடு, கருவிகளை வரிசைப்படுத்திவிட்டு நிமிர்ந்தாள். பக்கக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு தரணீதரன் வந்தார். கழுவிய கைகள் இரண்டையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். அப்படி நிற்கிற சர்ஜனால் எதையும் தொட முடியாது. கை துடைக்கத் துண்டும், போட்டுக்கொள்ள அங்கியும் எதிரே நிற்கிறவள்தான் கொடுக்க வேண்டும்.

நதியா மடித்த துண்டைக் கையில் எடுத்தாள். நீட்டவில்லை.

தரணீதரனும் அதற்காகக் கையை முன்னால் கொண்டுவரவில்லை. மாஸ்க்குக்கு அடியில் அவர் தாடை அசைந்தது. அந்தோணிராஜ் மானிட்டரை விட்டுத் திரும்பினார். கருவி டிரேயைத் தள்ளிக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசியின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடம் கேட்டே பிழைத்த சித்ராதேவிக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. கதவை லேசாகத் திறந்தால் கேட்கும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நதியாவின் கண்கள் தரணீதரனின் முகத்தைவிட்டு நகரவில்லை. அவருடைய இரண்டு முழங்கைகளிலிருந்தும் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு அவள் கையில்தான் இருந்தது. அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.